பனியன் ஏறாத எரிமலை

ரீயூனியன் தீவின் எரிமலையை ஒரே நாளில் ஏறி இறங்கலாம். அமராவதிக் கரையிலிருந்து அதற்குப் புறப்படுகிறவருக்கு மூன்று மாதத் தயாரிப்பு வேண்டும்.

காலை ஐந்தரைக்கே, திருப்பூர் மாவட்டத்தில் அமராவதிக் கரை ஊரான கொமரலிங்கத்தின் ராஜவாய்க்கால் கரையில் ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர் கட்டப் போகிறவர், பால் கேன் தொங்கும் டிவிஎஸ் எக்ஸெல், நூல்மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் ஆள் ஏற்றிப்போக வந்து நிற்கும் வேன். தெற்கே திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் நிற்கிறது. தைப்பூசம் வந்தால் இந்தப் பக்கத்துக் கால்கள் தாமாகவே பழனி ரோட்டைப் பிடித்துவிடும். பங்குனி, சித்திரையில் இளவட்டங்கள் மூங்கில் தடியோடு வெள்ளியங்கிரிக்குக் கிளம்புவார்கள்.

மலை ஏறுவது இங்கே யாருக்கும் புதிதல்ல. ஏறுகிற மலை உயிரோடு இருப்பதுதான் புதிது.

தமிழ்நாட்டில் எரிமலை கிடையாது. இந்தியாவில் இன்றைக்கும் நெருப்புக் கக்கும் ஒரே மலை அந்தமான் கடலில் உள்ள பேரன் தீவு. அதைக் கப்பலில் இருந்தபடி பார்க்கலாமே தவிர ஏற முடியாது. ஆகவே எரிமலை ஏற ஆசைப்படும் தமிழர்கள் பலர் பாலித் தீவின் பதூருக்குப் போகிறார்கள். 1,717 மீட்டர். நள்ளிரவுக்குப் பின் கிளம்பி, மேலே சூரிய உதயம் பார்த்து, காலைச் சாப்பாட்டுக்குக் கீழே வந்துவிடலாம். ஆனால் பனியன் தைக்கும் ஊர்க்காரருக்கு அதைவிட நெருங்கிய சொந்தம் இன்னொரு எரிமலையோடு இருக்கிறது. மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸுக்குப் பக்கத்தில், பிரான்சு நாட்டின் மாவட்டமாக இருக்கும் ரீயூனியன் தீவில் அது நிற்கிறது. பெயர் பிதோன் த லா ஃபூர்னேஸ். தமிழில் உலைமலை என்று சொல்லலாம். தீவுக்காரர்களுக்கு அது வெறும் ‘லெ வோல்கான்’: எரிமலை, அவ்வளவுதான்.

நூல் எங்கிருந்து வருகிறது?

திருப்பூரில் பின்னப்படும் காட்டன் நூலுக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் விளைவதில்லை. குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து பேல் பேலாக வருகிறது. குஜராத்தின் ‘சங்கர்-6’ ரகத்தின் பெயர் தெரியாத மில்காரர் கோவையிலும் இல்லை, உடுமலையிலும் இல்லை. அந்தப் பஞ்சு விளைவது கரிசலில். சௌராஷ்டிரத்திலும் விதர்ப்பத்திலும் அந்தக் கரிசலுக்கு மூலப்பொருள் தக்காணத்து எரிமலைப் பாறை.

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய மேற்கிந்தியாவில் பூமி பிளந்து குழம்பு பரவியது. அடுக்கு மேல் அடுக்காகப் படிந்து, சில இடங்களில் 2 கிலோமீட்டருக்கும் மேல் தடித்தது. எஞ்சியிருப்பது மட்டும் இன்றைக்கு 5 லட்சம் சதுர கிலோமீட்டர். பார்வைக்குப் படிக்கட்டுபோல் இருப்பதால், படி என்று பொருள்படும் சுவீடிஷ் சொல்லிலிருந்து வந்த ‘ட்ராப்’ என்ற பெயரை நிலவியலாளர்கள் இதற்கும் வைத்தார்கள். வெயிலும் மழையும் அந்தப் பாறையைத் தின்று கறுப்பு மண்ணாக்கின. அந்த மண்ணில் பருத்தி முளைத்தது. (கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் வேறு பாறைகளில் பிறந்தது. அதற்கும் இந்தக் கதைக்கும் தொடர்பில்லை.)

அந்தக் குழம்பைக் கக்கிய அடுப்பு அணையவில்லை. அது பூமியின் ஆழத்தில் ஏறக்குறைய அதே இடத்தில் கிடக்க, இந்தியாதான் வடக்கே நகர்ந்தது. நகர நகர, அடுப்புக்கு மேலே வந்த கடல்தரையில் வரிசையாகத் தழும்புகள் விழுந்தன: லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ், பிறகு மொரீஷியஸ். கடைசித் தழும்பு ரீயூனியன். தக்காணத்தை உருக்கிய அடுப்பின் வாய் இன்றைக்கு ஃபூர்னேஸ் மலைக்குக் கீழே இருப்பதாக நிலவியல் சொல்கிறது. உடம்பில் கிடக்கும் காட்டன் பனியனின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், அந்த மலை வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

விசித்திரம் என்னவென்றால், அந்த வாசலில் வழிகாட்டி சொல்லும் முதல் விதி, ‘காட்டன் போட்டுக்கொண்டு வராதே’.

மலையின் ஜாதகம்

உயரம் 2,632 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637. ஐந்து மீட்டர்தான் வித்தியாசம். ஆனால் தொட்டபெட்டாவில் காரை நிறுத்திவிட்டு மிளகாய் பஜ்ஜி சாப்பிடலாம். ஃபூர்னேஸில் கடைசித் தார்ச்சாலையும் கடைசி டீக்கடையும் மலைக்கு வெளியிலேயே முடிந்துவிடும்.

17ஆம் நூற்றாண்டிலிருந்து இதுவரை 150 தடவைக்கு மேல் பொங்கிய மலை இது. அண்மைப் பத்தாண்டுகளின் சராசரி பார்த்தால் வருஷத்துக்கு ஒன்றுக்குக் குறையாது. உலகத்திலேயே அதிகம் வேலை செய்யும் எரிமலைகளில் ஒன்று என்றாலும், குணம் கொஞ்சம் சாது. குழம்பு இளக்கமானது. பெரும்பாலும் வெடித்துச் சிதறாமல், பிளவில் ஊற்றாகப் பீறிட்டு, சரிவில் வழிந்து ஓடும். ஓட்டமும் பெரும்பாலும் ‘ஆங்க்லோ’ எனப்படும் பிரம்மாண்டத் தொட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். ஆங்க்லோ என்றால் அடைப்பு, பட்டி. கிழக்கே கடலைப் பார்த்துத் திறந்திருக்கும் அந்தப் பட்டியின் நடுவில்தான் மலை உட்கார்ந்திருக்கிறது.

சாதுவும் மிரண்டதுண்டு. 1977 ஏப்ரலில் குழம்பு பட்டியைத் தாண்டி வெளியே வந்தது. பிதோன் சேந்த் ரோஸ் ஊருக்குள் வீடுகளை எரித்து, மாதா கோயில் வாசல்வரை வந்து, இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போனது. கோயில் தப்பியது. இன்றைக்கு அதன் பெயரே குழம்பு மாதா கோயில். அந்தப் பயத்தில்தான் மலையிலிருந்து சற்றுத் தள்ளிப் பூர் முய்ரா என்ற இடத்தில் கண்காணிப்பு நிலையம் கட்டினார்கள். 1980லிருந்து அது இரவு பகலாக மலையின் நாடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2007 ஏப்ரலில் இன்னொரு பெரும் பொங்கல். குழம்பு கடலுக்குள் இறங்கியது. உள்ளே காலியானதில் உச்சியின் தோலோமியோ வாய் 300 மீட்டருக்கு மேல் உள்ளே சரிந்தது. முன்பு அந்த வாயைச் சுற்றி வந்த பாதை இப்போது இல்லை. விளிம்பில் ஓர் இடத்தில் நின்று எட்டிப் பார்க்கலாம், அத்தோடு சரி.

2010இல் யுனெஸ்கோ இந்தத் தீவின் சிகரங்களையும் பள்ளத்தாக்குகளையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மூரூம் என்றால் முருங்கை

அந்தத் தீவில் இறங்குகிற தமிழருக்கு இன்னொரு ஆச்சரியம் காத்திருக்கும். தபால்பெட்டியில் ‘ராமஸாமி’ என்று பிரெஞ்சு எழுத்தில் பெயர் இருக்கும். அந்த வீட்டில் தமிழ் பேசத் தெரிந்தவர் அநேகமாக இருக்கமாட்டார்.

1848இல் பிரான்சு அடிமைமுறையை ஒழித்ததும் ரீயூனியனின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தட்டுப்பாடு வந்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்கிக் கப்பல் ஏற்றினார்கள். 1860களில் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுக்க உடன்பாடு ஆயிற்று. அங்கே நடந்த கொடுமைகளைக் கேள்விப்பட்டு 1882இல் பிரிட்டிஷ் அரசு அதை நிறுத்தியது. போனவர்களின் வம்சத்தை அங்கே ‘மலபார்’ என்கிறார்கள். மொழி போனாலும் சாமி போகவில்லை. சேந்த் ஆந்த்ரே ஊரில் தீபாவளி ஊர்த்திருவிழா. காவடி உண்டு, தீமிதி உண்டு. திரௌபதையை அவர்கள் ‘பாந்தியாலே’ என்கிறார்கள். பாஞ்சாலி நாக்குத் திரிந்து வந்த பெயர். சந்தையில் ‘ப்ரெத் மூரூம்’ என்று கேட்டால் முருங்கைக்கீரை கொடுப்பார்கள். ‘போன்போன் பிமான்’ என்பதைக் கடித்தால் மசால்வடைக்குத் தங்கச்சி.

அங்கே நெருப்பில் இறங்குகிறவர் 18 நாள் விரதம் இருக்கிறார். கறியில்லை, மதுவில்லை, தனிப் படுக்கை. நெருப்பின் முன் நிற்க உடம்பையும் மனசையும் நாள் குறித்துப் பதப்படுத்த வேண்டும் என்பது கப்பலேறிப் போன அறிவு. உலைமலையில் ஏறுகிறவருக்கு 18 நாள் போதாது.

காலுக்கு மூன்று மாதம்

பாதையின் கணக்கு எளிது. போக வர 12 கிலோமீட்டர் சுமார். ஐந்திலிருந்து ஆறு மணி நேரம். ஏற்றம் மொத்தம் 500 மீட்டர் சொச்சம். வெள்ளியங்கிரி ஏழு மலையை முட்டி மடங்காமல் ஏறி இறங்கியவருக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் வெள்ளியங்கிரியே பாடமும் சொல்கிறது. பிப்ரவரியிலிருந்து மே வரை வனத்துறை திறந்துவிடும் அந்தப் பாதையில் 2024 பருவத்தில் பலர் உயிரிழந்தார்கள். மூச்சுத்திணறலும் மாரடைப்பும்தான் பெரும்பாலும் காரணம் என்று செய்திகள் வந்தன. வருஷம் முழுக்க உட்கார்ந்துவிட்டு ஒரு ராத்திரியில் மலையை ஏறிவிடலாம் என்ற துணிச்சலுக்கு உடம்பு கொடுக்கும் பதில் அது.

பனியன் கம்பெனி வேலை உடம்பை ஒரு விதமாக வளைத்து வைத்திருக்கும். ஓவர்லாக் டெய்லர் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தே போகும். வலது கால் பெடலில். செக்கிங், அயர்னிங்கில் இருப்பவர்களுக்கு நின்றே போகும். கெண்டைக்கால் இறுகும், நரம்பு புடைக்கும். இரண்டுமே நடை ஆகாது. ஆகவே பன்னிரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும்.

முதல் நாலு வாரம் வாரத்துக்கு ஐந்து நாள், முக்கால் மணி நேரம், வாய்க்கால் கரையில் வேக நடை. கூட வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம்தான் சரி. அடுத்த நாலு வாரம் படி. கொமரலிங்கத்துக்காரருக்கு உடற்பயிற்சிக்கூடம் பழனிமலைதான். 693 படி. ஞாயிறு தவறாமல் முதலில் ஒரு தடவை, பிறகு இரண்டு, பிறகு மூன்று. முதுகுப்பையில் மூன்று கிலோ. ஈரோட்டுப் பக்கம் போக வாய்த்தால் சென்னிமலை. அங்கே 1,320 படி. பழனியில் விஞ்ச் இருக்கிறது, ரோப்கார் இருக்கிறது என்று இறங்கும்போது சோம்பல் படக்கூடாது. ஏனென்றால் வேலையே இறக்கத்தில்தான் இருக்கிறது.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. தசைநாரில் நுண்ணிய கிழிசல் விழுவது இந்த இரண்டாவது வேலையில்தான். மலை இறங்கி மறுநாள், அதற்கடுத்த நாள் படியில் கால் வைக்கமுடியாமல் துடிப்பது இதனால். நல்ல சேதி, தசைக்கு ஞாபகசக்தி உண்டு. ஒருமுறை அடிபட்டால் அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலைக்கு அவ்வளவாக நோகாது. பழனியில் இறங்கி நொந்த தொடை ரீயூனியனில் நோகாது.

கடைசி நாலு வாரத்தில் இரண்டு முறையாவது ஐந்தாறு மணி நேரம் ஒரே மூச்சில் நடந்து பார்க்க வேண்டும். பழனிப் பாதயாத்திரை நடை இதற்குப் போதும். ஆனால் வெறுங்காலில் அல்ல, மலைக்குப் போடப்போகும் ஷூவில். புறப்படுவதற்கு முந்தின வாரம் ஓய்வு.

பஞ்சும் நுரையீரலும்

நூல்மில்லில் புளோரூம், கார்டிங் பக்கம் வருஷக்கணக்கில் நின்றவர்கள் வேறொன்றையும் பார்க்க வேண்டும். பஞ்சுத்தூசு நுரையீரலில் படிந்து மூச்சை இறுக்கும் நோய்க்கு மருத்துவத்தில் பிசினோசிஸ் என்று பெயர். வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகும். அதுதான் தொடக்க அடையாளம். எரிமலை வாயிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு அப்படிப்பட்ட நுரையீரலுக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் ஆகாது. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை உள்ள மருத்துவமனையில் அளவைப் பார்த்துக்கொண்டு, டாக்டர் சரி என்ற பிறகே டிக்கெட் போட வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ரத்த அழுத்தமும் ஈசிஜியும் கூடுதல்.

உயரத்தைப் பற்றிப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். 2,600 மீட்டரில் சிலருக்குத் தலை கனக்கும். பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. கடற்கரை ஊரிலிருந்து 2,311 மீட்டர்வரை வண்டியிலேயே வளைந்து வளைந்து ஏறுகிறபோது வரும் குமட்டல்தான் அதிகம். ஆழியாறு வால்பாறை ரோட்டின் 40 கொண்டை ஊசி வளைவைத் தாங்கியவர் இதையும் தாங்குவார்.

துணி அறிந்தவர் ஊருக்குத் துணிப் பாடம்

மலையேறிகள் ஏன் காட்டனை விரட்டுகிறார்கள் என்பதைத் திருப்பூர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை. கணக்கு அவர்களுக்கே தெரியும். சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் எட்டரை சதவீதம் ஈரத்தை வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் வைத்துக்கொள்வது அரை சதவீதத்துக்கும் கீழே. சித்திரை வெயிலில் பருத்தியின் இந்தக் குணம்தான் சுகம். வேர்வையை உறிஞ்சி, மெல்ல ஆறவிட்டு, உடம்பைக் குளிர வைக்கும். அதே குணம் மலைமேல் எமன். ஏறும்போது நனைந்த பனியன், விளிம்பில் நின்று படம் எடுக்கும் பத்து நிமிஷத்தில் ஈரத்துணி கட்டியதுபோல் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். குளிர் 5 டிகிரி, கூடக் காற்று. விரல் மரத்து, பேச்சுக் குழறி, கால் தடுமாறத் தொடங்கினால் வழிகாட்டியின் முகம் மாறிவிடும்.

ரீயூனியன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. நமக்குச் சித்திரை, வைகாசி விடுமுறைக்காலம் அங்கே குளிர்காலத் தொடக்கம். மே முதல் நவம்பர் வரைதான் மழை குறைந்து மலைக்கு ஏற்ற பருவம். ஜூலை, ஆகஸ்டில் விடியற்காலை மலையடிவாரத்தில் பூஜ்யத்தைத் தொடும் குளிர். சில நாள் புல்லில் உறைபனி. மார்கழியிலும் கொங்குச் சமவெளி காணாத குளிர் அது.

மழை இன்னும் மோசம். 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது ஃபூர்னேஸ் மலைப்பகுதியின் ஃபோக் ஃபோக்கில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் கொட்டியது. நம் பக்கத்தில் இரண்டு வருஷத்துக்குப் பெய்வதைவிட அதிகம், ஒரே நாளில். அது உலக சாதனை, இன்றும் உடையவில்லை. 2007இல் இன்னொரு புயலில் பக்கத்துக் கோமர்சோன் வாயில் மூன்று நாளில் 3,930 மில்லிமீட்டர். அதுவும் உலக சாதனை. புயல் பருவமான ஜனவரி, பிப்ரவரியில் அந்தப் பக்கம் தலைவைக்கக்கூடாது.

உடுப்பு மூன்று அடுக்கு. உடம்பை ஒட்டி ‘டிரை ஃபிட்’ பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி. காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்பிளஸ் குவியலில் தேடினாலே நல்ல பீஸ் கிடைக்கும். நடுவில் ஃபிளீஸ். இங்கே ஒரு எச்சரிக்கை: திருப்பூரில் ஃபிளீஸ் என்றால் பெரும்பாலும் உள்பக்கம் பிரஷ் செய்த காட்டன், அல்லது பாலி-காட்டன். மலைக்கு வேண்டியது முழு பாலியஸ்டரில் செய்த போலார் ஃபிளீஸ். 280 ஜிஎஸ்எம் என்று கையில் கனமாக இருப்பதால் ஏமாறக்கூடாது, லேபிளைப் பார்க்க வேண்டும். மூன்றாவது, தையல் முழுவதும் டேப் ஒட்டிய மழைச்சட்டை. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். சாக்ஸிலும் காட்டன் கூடாது. ஈரச் சாக்ஸ்தான் கொப்புளத்துக்குத் தாய்.

பாலியஸ்டர் பின்னலாடை, விளையாட்டு உடை என்று திருப்பூரும் இப்போது மெல்ல மாறிவருகிறது. உலகச் சந்தை அந்தப் பக்கம் போய்விட்டதே காரணம்.

பையில் என்ன?

ஆறிய குழம்பு இரண்டு விதம். ஒன்று கயிறு முறுக்கியதுபோல் வழவழப்பாக மடிந்து கிடக்கும். ஹவாய்த் தீவுச் சொல்லில் பாஹோயிஹோயி. இன்னொன்று உடைத்த கண்ணாடி குவித்ததுபோல் இருக்கும். அதற்கு ‘ஆஆ’ என்று பெயர். வெறுங்காலில் மிதித்தால் வாயில் வரும் சத்தமும் அதுதான். ரப்பர் அடிப்பாகம் கெட்டியான, கணுக்காலைப் பிடிக்கும் ஷூ வேண்டும். வாங்கியவுடன் மலைக்குப் போடக்கூடாது. 50 கிலோமீட்டராவது நடந்து பழக வேண்டும். முன்பக்கம் ஒரு விரற்கடை இடம் விட்டு வாங்கினால்தான் இறக்கத்தில் நகம் தப்பும். தடுமாறினால் கை ஊன்றத் தோன்றும். ஊன்றினால் தோல் போய்விடும். அதற்கு ஒரு ஜோடி முரட்டுக் கையுறை. மூங்கில் தடிக்குப் பதில் மடக்குத் தடி.

தொட்டிக்குள் தண்ணீர் கிடையாது, நிழல் கிடையாது, கழிப்பறை கிடையாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். கடலைமிட்டாய், பேரீச்சை, உப்புக்கடலை. தலையில் கட்டும் டார்ச், கூடுதல் பேட்டரி, தொப்பி, சன்ஸ்கிரீன், சிறு முதலுதவிப் பை. குப்பை எதையும் உள்ளே விடக்கூடாது.

பாஸ்போர்ட்டில் கவனம். ரீயூனியன் பிரான்சுதான், ஆனால் ஷெங்கன் பகுதியில் சேராது. ஐரோப்பா போக வாங்கிய ஷெங்கன் விசா அங்கே செல்லாது. அந்தத் தீவுக்குரிய விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். காப்பீடு எடுக்கும்போது மலையேற்றமும் ஹெலிகாப்டர் மீட்பும் அதில் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே சுளுக்கு விழுந்தவரைத் தூக்கவும் ஹெலிகாப்டர்தான் வரும். அவசர எண் 112.

கதவு திறந்திருந்தால்

வெள்ளைப் பெயின்ட் குறி போட்ட முக்கியப் பாதையில் வழிகாட்டி கட்டாயமில்லை. ஆனாலும் முதல் தடவை போகிறவர் ஆள் வைத்துக்கொள்வது நல்லது. குழம்பு ஓடி உள்ளே கூடான குகைகளுக்குள் நுழைவதென்றால் வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது. பிரெஞ்சு அரசின் மலை வழிகாட்டிப் பட்டயம் உள்ளவரா, ஆங்கிலம் பேசுவாரா, ஒரு குழுவில் எத்தனை பேர், எச்சரிக்கை வந்து பயணம் நின்றால் பணம் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

விடியுமுன் நாலு மணிக்கு வண்டி கிளம்பும். பூர் முய்ரா தாண்டி, செடிகொடி ஒன்றுமில்லாத செம்பழுப்பு மணல்வெளியைக் கடந்தால் பெல்கோம்ப் கணவாய். அங்கே ஒரு கதவு இருக்கிறது. கண்காணிப்பு நிலையத்தின் கருவிகளில் நிலநடுக்கத் துடிப்பு கூடினாலோ, மலை உப்பத் தொடங்கினாலோ, நிர்வாகம் அந்தக் கதவைச் சாத்திவிடும். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்தவருக்கும் அன்றைக்கு மலை கிடையாது. பயணத்தில் ஒரு நாளாவது உபரி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இதற்குத்தான்.

கதவைப் பார்த்து எரிச்சல்படுகிறவர் மூன்று தேதிகளை நினைத்துக்கொள்ளலாம். 2014 செப்டம்பர் 27, ஜப்பானின் ஒன்தாகே. இலையுதிர்காலச் சனிக்கிழமை, உச்சியில் மதியச் சாப்பாட்டு நேரம். எச்சரிக்கை அளவு மிகத் தாழ்வாக இருந்தபோதே மலை வெடித்தது. இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் சேர்ந்து 63 பேர். 2019 டிசம்பர் 9, நியூசிலாந்தின் வெள்ளைத்தீவு. சுற்றிப் பார்க்கப் போன 47 பேரில் 22 பேர் பலி. 2023 டிசம்பர் 3, சுமத்ராவின் மராபி. 24 மலையேறிகள் பலி. வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போகவேண்டாம் என்று நிபுணர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஃபூர்னேஸ் அந்த மலைகளின் குணம் கொண்டதல்ல. பொங்குமுன் பெரும்பாலும் சொல்லிவிடும். சொல்வதைக் கேட்பதற்குத்தான் அந்தக் கதவு.

கதவுக்கு அப்பால் பாதை மேலே போகாது, கீழே இறங்கும். பட்டியின் சுவரில் ஐந்நூற்றுச் சொச்சம் படி. பழனியைவிடக் குறைவு. இறங்கிச் சற்று நடந்தால் சிவந்த சிறு கூம்பு ஒன்று. 1753இல் பிறந்தது. பெயர் ஃபோர்மிக்கா லியோ. லத்தீனில் எறும்புச் சிங்கம். நம் ஊர்ப் பிள்ளைகள் திண்ணைப் புழுதியில் ஊதி விளையாடும் குழியானைதான் அது! குழியானை பறித்த குழிபோல் நடுவில் பள்ளம் இருப்பதால் அந்தப் பெயர். அதைத் தாண்டினால் ரோஸ்மோன் சேப்பல். உள்ளே வெற்றாகி, வாசல் வைத்த குடிசைபோல் நிற்கும் குழம்புக் குமிழ். அங்கிருந்து ஏற்றம்.

வழிகாட்டி வேகமாக நடக்கமாட்டார். கிரியோல் மொழியில் ஒரு சொலவடை உண்டு: ‘தி பா, தி பா, நாரிவே’. சின்ன அடி, சின்ன அடி, போய்ச் சேருவோம். பத்து மணி வாக்கில் கடலிலிருந்து மேகம் ஏறி வந்து தொட்டியை நிரப்பத் தொடங்கும். மேகம் மூடினால் பத்தடி தூரத்து வெள்ளைக்குறி தெரியாது. குறி தெரியாவிட்டால் நிற்க வேண்டும். கறுப்புப் பாறையில் எல்லாத் திசையும் ஒரே மாதிரி இருக்கும். அங்கே வழிதவறியவர்கள் எல்லோரும் ‘இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்’ என்றவர்கள்தான். பதினொன்றுக்கு முன் உச்சி விளிம்பைத் தொட முடியாது என்று தெரிந்தால் வழிகாட்டி திரும்பச் சொல்வார். அப்போது திரும்ப வேண்டும்.

விளிம்பில் நின்றால் தோலோமியோ வாய் ஒரு கிலோமீட்டர் அகலத்தில் பிளந்து கிடக்கும். சுவர்களில் அடுக்கு அடுக்காகப் பழைய குழம்பின் படிகள், மகாபலேஷ்வரம் பக்கத்து மலைகளில் தெரியும் அதே படிகள். ஆங்காங்கே வெள்ளையாக ஆவி. விளிம்புக்கு ரொம்பப் பக்கம் போகக்கூடாது. அந்த விளிம்பு இன்னும் உதிர்கிறது.

திரும்பும் வழியில் எல்லோரும் ஒன்றை மறந்துவிடுவார்கள். காலையில் இறங்கிய சுவர் அங்கேயே இருக்கிறது. மற்ற மலைகளில் நாள் இறக்கத்தில் முடியும். இங்கே ஏற்றத்தில் முடிகிறது, அதுவும் கால் வற்றிய பிறகு. ஐந்நூற்றுச் சொச்சம் படியையும் உச்சி வெயிலிலோ மேகத்து ஈரத்திலோ ஏற வேண்டும். மூன்றாவது லிட்டர் தண்ணீரின் கடைசி மடக்கை இதற்கென்று ஒதுக்க வேண்டும். பழனியில் ஞாயிறுதோறும் மூன்றாவது தடவை ஏறியது இந்தக் கடைசி அரைமணி நேரத்துக்காகத்தான்.

மேலே வந்து கதவைத் தாண்டினால் வண்டி நிற்கும். நனைந்த டிரை ஃபிட்டைக் கழற்றிப் பிழிந்துவிட்டு, பையின் அடியில் பிளாஸ்டிக் உறையில் காலையிலிருந்து காய்ந்தபடி கிடக்கும் காட்டன் பனியனை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். இனி நடக்க வேண்டியதில்லை.